பனீக் ஒஸ்ட்ராவா: மேலிருந்து வந்த பெயரும் கீழிருந்து வந்த கழகமும்

2025 பிப்ரவரி 3, மாலை 6.20 | கேள்வி

செக் குடியரசின் கால்பந்துக் கழகமான பானிக் ஒஸ்ட்ராவாவைப் பற்றி எழுதும் எல்லாரும் அதைச் 'சுரங்கத் தொழிலாளர்களின் கழகம்' என்று உருகி உருகி எழுதுகிறார்கள். நான் படித்தவரை சுரங்கத் தொழிலாளி என்று பொருள்படும் 'பானிக்' கம்யூனிஸ்ட் ஆட்சி வைத்த பெயர். செக்கோஸ்லோவாக்கிய லீக்கில் கழகம் வென்ற மூன்று பட்டங்களும் நிலக்கரி நிர்வாகத்தின் பணத்தில் வந்தவை. அந்தப் பணம் நின்றதும் கழகம் சரிந்து, 2016-ல் இரண்டாம் பிரிவுக்கே இறங்கிவிட்டது. ஆகவே சுரங்கத் தொழிலாளர்களின் கழகம் என்பதே ஓர் அரசு விளம்பரத்தின் மிச்சம்தான் என்பது என் கருத்து. அந்த ஊரில் இருந்தவர்கள் யாரேனும் இருந்தால் மறுத்துச் சொல்லலாம்.

2025 பிப்ரவரி 3, இரவு 11.05

2013 முதல் 2017 வரை நான் ஒஸ்ட்ராவாவில் இருந்தேன். ஆகையால் மறுத்தே ஆக வேண்டும்.

கழகத்தின் வயதும் பெயரின் வயதும் ஒன்றல்ல. 1922 செப்டம்பர் 8 அன்று 'ஊ துபு', அதாவது 'ஓக் மரத்தடி' என்ற பெயருள்ள ஓர் உணவு விடுதியில் இருபது பேர் கூடிக் கையெழுத்திட்டுத் தொடங்கிய கழகம் இது. அவர்களில் பெரும்பாலோர் சுரங்கத்தில் வேலை செய்தவர்கள். அப்போது அதன் பெயர் எஸ்.கே. ஸ்லெஸ்கா ஒஸ்ட்ராவா, அதாவது சிலேசிய ஒஸ்ட்ராவா விளையாட்டுக் கழகம். ஒஸ்ட்ராவித்ஸே ஆற்றின் கிழக்குக் கரையில் இருந்த ஸ்லெஸ்கா ஒஸ்ட்ராவா அன்றைக்குத் தனி ஊர். 1941-ல்தான் பெரிய ஒஸ்ட்ராவாவோடு அது சேர்ந்தது. கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்தது 1948 பிப்ரவரியில். அதற்குப் பதினோர் ஆண்டுகளுக்கு முன்பே, 1937-ல், இந்தக் கழகம் நாட்டின் முதல் பிரிவுக்கு ஏறிவிட்டது. கழகத்தை அரசு உண்டாக்கவில்லை. பெயரைப் பற்றி நீங்கள் சொன்னதற்கு நாளை பதில் எழுதுகிறேன். அதில் உங்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது.

2025 பிப்ரவரி 4, இரவு 9.40

முதலில் எழுத்து. 'பானிக்' என்று எழுதுவது சரியல்ல. செக் எழுத்தில் நெடில் குறி இரண்டாம் உயிரின் மேல் இருக்கிறது. முதல் உயிர் குறில். எனவே 'பனீக்' என்று எழுதுவதே பொருத்தம். நான் இனி அப்படியே எழுதப்போகிறேன்.

1948-ல் எல்லா விளையாட்டுக் கழகங்களும் 'சோகோல்' என்ற ஒரே அமைப்பின்கீழ்க் கொண்டுவரப்பட்டபோது, இந்தக் கழகம் 'சோகோல் த்ரோயித்ஸே' என்று பெயர் மாறியது. த்ரோயித்ஸே என்பது பக்கத்திலிருந்த சுரங்கத்தின் பெயர். அரசு தந்த முதல் பெயரிலேயே ஒரு குறிப்பிட்ட சுரங்கம் இடம்பெற்றது என்பதைக் கவனிக்க வேண்டும். 1950களின் தொடக்கத்தில் சோவியத் முறையைப் பார்த்து, தொழில்வாரியாக விளையாட்டு அமைப்புகள் வந்தன. பிராக் நகரத்தின் ஸ்பார்ட்டா 'ஸ்பார்டக்' ஆயிற்று, ஸ்லாவியா 'டைனமோ' ஆயிற்று, சுரங்கத் தொழிலாளர்களின் அணிகள் எல்லாம் 'பனீக்' ஆயின. இந்தச் சொல்லே செக் சொல் அல்ல. சுரங்கத் தொழிலாளியைச் செக் மொழியில் 'ஹோர்னீக்' என்பார்கள், ஒஸ்ட்ராவா பக்கத்தில் 'ஹவீர்ஷ்' என்பார்கள். 'பனீக்' ஸ்லோவாக் மொழிக்காரர்களின் சொல். நான் படித்த பல்கலைக்கழகத்தின் பழைய செக் பெயரில் 'பான்ஸ்கா' என்ற சொல் உண்டு. சுரங்கத்துக்கு உரிய என்று அதற்குப் பொருள். 1849-ல் ப்ஷீப்ராமில் தொடங்கி 1945-ல் ஒஸ்ட்ராவாவுக்கு இடம்பெயர்ந்த சுரங்கக் கல்லூரி அது. அந்தப் பெயர்ப் பலகையைத் தினமும் பார்த்தும் பனீக்கும் பான்ஸ்காவும் ஒரே வேரின் கிளைகள் என்பது எனக்கு முதல் ஆண்டு முழுவதும் உறைக்கவில்லை.

ஆகவே பெயர் மேலிருந்து வந்தது என்று நீங்கள் சொல்வது உண்மை. அது பக்கத்து மொழியிலிருந்து வந்தது என்பதையும் நான் சேர்த்துக்கொள்கிறேன். ஆனால் அதற்குப் பின் நடந்ததைப் பாருங்கள். ஸ்பார்ட்டாவும் ஸ்லாவியாவும் 1965-லேயே, அதே கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்திலேயே, தங்கள் பழைய பெயர்களைத் திரும்ப எடுத்துக்கொண்டன. 1989-ல் ஆட்சி கவிழ்ந்த பிறகு எந்தக் கழகமும் எந்தப் பெயரையும் சூடிக்கொள்ளலாம் என்ற நிலை வந்தது. தெருக்களின் பெயர்களும் தொழிற்சாலைகளின் பெயர்களும் மாறின. ஒஸ்ட்ராவாக்காரர்கள் எஸ்.கே. ஸ்லெஸ்காவுக்குத் திரும்பவில்லை, பனீக் என்ற பெயரையே வைத்துக்கொண்டார்கள். யாரும் வற்புறுத்தாத காலத்தில் ஒருவர் வைத்துக்கொள்ளும் பெயர் அவருடைய பெயர்தான்.

2025 பிப்ரவரி 5, காலை 7.10

நேற்றைய குறிப்பைப் படிப்பவர்களுக்கு, மற்ற எல்லாக் கழகங்களும் அந்தக் காலப் பெயர்களைத் துறந்துவிட்டன என்ற எண்ணம் வரக்கூடும். அது தவறு. த்ர்னாவாவில் ஸ்பார்டக் இன்னும் ஸ்பார்டக்தான், செஸ்கே புதேயொவித்ஸேயில் டைனமோ இன்னும் டைனமோதான். பனீக் என்ற பெயரும் ஒஸ்ட்ராவாவுக்கு மட்டும் உரியதல்ல. மொஸ்ட், சொகொலொவ், ஸ்லோவாக்கியாவின் ப்ரியெவித்ஸா ஆகிய ஊர்களிலும் அது நிலைத்தது. இம்மூன்றும் நிலக்கரி ஊர்கள். இந்தத் திருத்தம் என் வாதத்துக்கு வலுவே சேர்க்கிறது என்று நினைக்கிறேன்.

2025 பிப்ரவரி 9, மாலை 4.30

ஞாயிற்றுக்கிழமை ஆகையால் விரிவாக எழுத நேரம் கிடைத்தது. பெயரை விட்டுவிட்டு இடத்தைப் பற்றி எழுதுகிறேன். இந்தக் கழகம் எந்த மண்ணின்மேல் நின்றது என்பதைப் பார்க்காமல் அதன் வரலாற்றைப் புரிந்துகொள்ள முடியாது.

ஸ்லெஸ்கா ஒஸ்ட்ராவாவின் புர்ஞா பள்ளத்தாக்கில் 1763-ல் நிலக்கரி கண்டுபிடிக்கப்பட்டது. ஆற்றின் மறுகரையில், வீட்கொவித்ஸேயில், 1828-ல் இரும்பாலை தொடங்கியது. கரியும் இரும்பும் ஆற்றின் இரு கரைகளிலும் அமைந்ததால்தான் ஒரு சிற்றூர் நாட்டின் மூன்றாவது பெரிய நகரமாக வளர்ந்தது. கம்யூனிஸ்ட் ஆட்சியில் 'குடியரசின் எஃகு இதயம்' என்று அதற்கு அடைமொழி தந்தார்கள். அந்த அடைமொழிக்குக் கொடுத்த விலை காற்றிலும் சுவாசப்பையிலும் தெரிந்தது. என் காலத்திலேயே குளிர்கால இரவுகளில் சன்னலைத் திறந்தால் தொண்டை கரகரக்கும்.

கழகத்தின் புகழ்பெற்ற மைதானமான பஸாலி 1959-ல் திறக்கப்பட்டது. ஆற்றுக்கு மேலே எழும் சரிவில், ஸ்லெஸ்கா ஒஸ்ட்ராவாவிலேயே அது இருந்தது. அங்கிருந்து நடந்து போகும் தொலைவில் 'எமா' என்ற கழிவு மேடு நிற்கிறது. சுரங்கத்திலிருந்து கரியோடு வந்த கல்லையும் மண்ணையும் தலைமுறை தலைமுறையாகக் கொட்டிக் கொட்டி உருவான செயற்கை மலை அது. உச்சி கடல் மட்டத்திலிருந்து 315 மீட்டர். அதன் வயிற்றில் கரித்துணுக்குகள் இன்னும் எரிந்துகொண்டிருக்கின்றன. 2014 சனவரியில் நான் முதல்முறை ஏறியபோது ஊர் முழுவதும் பனி படர்ந்திருந்தது. உச்சியில் மட்டும் சில இடங்களில் பனி தங்காமல் புல் பச்சையாக இருந்தது, பிளவுகளிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. கையுறையைக் கழற்றி மண்ணைத் தொட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது. 1948-ல் கழகத்தின் பெயரில் இருந்த த்ரோயித்ஸே, இந்த மேட்டின் அடிவாரத்துப் பள்ளத்தாக்கின் பெயரும்தான்.

2013 இலையுதிர் காலத்தில் பஸாலிக்கு முதன்முதலாகப் போனேன். மைதானம் பழுதடைந்திருந்தது. சிமெண்டுப் படிகள் உடைந்து, கம்பிகள் துருப்பிடித்து, கழிப்பறை வரிசை படிவரை நீண்டிருந்தது. இருந்தும் அந்தச் சரிவில் நின்றால் ஆட்டக்காரர்களின் மூச்சிரைப்பே கேட்பதுபோல் அவ்வளவு நெருக்கம். நான் குடியிருந்த வீட்டின் உரிமையாளர் ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி. அவரோடு போனேன். அவர் ஆட்டத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. தன் தந்தை எந்தப் படியில் நிற்பார், தன் சுரங்கக் குழுவினர் எந்தப் பக்கம் கூடுவார்கள், இரவு வேலை முடிந்து நேராக வந்தவர்கள் கண்ணிமையில் கரியோடு நிற்பார்கள் என்று இடம் இடமாகக் காட்டிக்கொண்டே இருந்தார். விளம்பரத்தின் மிச்சம் என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது அவர் விரல் நீட்டிய அந்தப் படிகள்தான் என் நினைவுக்கு வந்தன.

2025 பிப்ரவரி 10, இரவு 10.15

பணத்தைப் பற்றிய உங்கள் குற்றச்சாட்டுக்கு இன்னும் நான் பதில் சொல்லவில்லை. நேற்றைய நினைவுகளால் அதை மூடிவிட விரும்பவில்லை.

அந்தக் காலத்தில் செக்கோஸ்லோவாக்கியாவில் தொழில்முறைக் கால்பந்து என்று சட்டப்படி எதுவும் கிடையாது. ஆட்டக்காரர்கள் ஏதோ ஒரு நிறுவனத்தின் ஊழியர்களாகப் பதிவுபெற்று, சம்பளத்தை அங்கே வாங்கிக்கொண்டு, பந்தை மட்டும் உதைத்தார்கள். பனீக்கின் பின்னால் ஒஸ்ட்ராவா-கர்வினா நிலக்கரிச் சுரங்கங்கள் நின்றன. 1960களில் அந்தச் சுரங்கங்களின் சுருக்கெழுத்தே கழகத்தின் பெயரில் ஒட்டிக்கொண்டிருந்தது. இதை மறுப்பதற்கில்லை. சட்டையில் சுரங்கத்தின் பெயர் இருந்தாலும் அந்த ஆட்டக்காரர்கள் கரி வெட்டியவர்கள் அல்லர் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் இது பனீக்குக்கு மட்டும் கிடைத்த சலுகை அல்ல. டுக்லா இராணுவத்தின் அணி. ஸ்பார்ட்டாவின் பெயரில் பிராக் நகரத்தின் பெரிய இயந்திரத் தொழிற்சாலையின் பெயர் இருந்தது. ஸ்லோவான் பிராதிஸ்லாவாவின் பெயரில் இரசாயன ஆலையின் எழுத்துகள் இருந்தன. ப்ர்னோவின் ஸ்ப்ரொயொவ்காவுக்குப் பெயரே ஆயுதத் தொழிற்சாலையிலிருந்து வந்தது. எல்லாரிடமும் பணம் இருந்தபோது ஒருவர் மட்டும் எப்படி வென்றார் என்பதற்குப் பணம் விடை ஆகாது.

என் விடை பயிற்சியாளர்களிடமும் மண்ணிடமும் இருக்கிறது. 1954-ல் லீக்கில் இரண்டாம் இடம் பெற்ற பிறகு பனீக் பல ஆண்டுகள் நடுவிலேயே கிடந்தது. 1966-ல் ஒருமுறை இரண்டாம் பிரிவுக்கு இறங்கி, அடுத்த ஆண்டே ஏறியது. சுரங்கப் பணம் அப்போதும் இருந்தது என்பதை நினைவில் வையுங்கள். 1973-ல் செக்கோஸ்லோவாக்கியக் கோப்பை. 1975–76 பருவத்தில் முதல் லீக் பட்டம். அதை வாங்கித் தந்த பயிற்சியாளர் தொமாஷ் பொஸ்பீஹல் இந்தக் கழகத்தின் பழைய ஆட்டக்காரர். 1962-ல் சிலியில் நடந்த உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் பிரேசிலுக்கு எதிராகப் பனீக்கின் ஆளாகவே களம் இறங்கியவர். அடுத்து எவ்ஷென் ஹதம்சிக் வந்தார். 1980, 1981 என அடுத்தடுத்து இரண்டு லீக் பட்டங்கள். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற செக்கோஸ்லோவாக்கிய அணியில் வெர்னர் லிச்கா, லிபோர் ரதிமெத்ஸ், ஸ்தெனெக் ரிகெல், ஸ்தெனெக் ஷ்ரைனெர், பெத்ர் நெமெத்ஸ் என்று ஒரே கழகத்தின் ஐவர் இருந்தார்கள். ஹதம்சிக் 1984-ல், நாற்பத்து நான்கு வயதில் மறைந்தார். அவருடைய அணி ஆடிய விதத்தைப் பற்றிப் பேசும்போது ஒஸ்ட்ராவா முதியவர்களின் குரல் தாழ்ந்துவிடும். அதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.

ஐரோப்பாவில் அவர்கள் செய்ததும் சிறிதல்ல. 1974–75 யூஃபா கோப்பையில் நாப்போலியை நாப்போலி மைதானத்திலேயே 2–0 என்று வென்று காலிறுதிக்குப் போனார்கள். 1978–79 கோப்பை வென்றோர் கோப்பையில் அரையிறுதி. டூசல்டார்ஃபில் 1–3 என்று தோற்று, பஸாலியில் 2–1 என்று வென்றும் ஒரே ஒரு கோல் குறைவாக நின்றுபோனார்கள். 1981 வசந்தத்தில் பயர்ன் மியூனிக் வந்தபோது மட்டும் வழி கிடைக்கவில்லை: அங்கே 0–2, இங்கே 2–4.

2025 பிப்ரவரி 11, காலை 6.50

பயர்ன் மியூனிக் ஒருமுறைதான் வந்தது என்பதுபோல் நேற்று எழுதிவிட்டேன். அதற்கு முன் 1976 இலையுதிர் காலத்திலும் வந்தது. அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். தொடர்ந்து மூன்று ஆண்டுகள் ஐரோப்பியக் கோப்பையை வென்றிருந்த பயர்னைப் பனீக் பஸாலியில் 2–1 என்று வீழ்த்தியது. மியூனிக்கில் 0–5 என்று தோற்று வெளியேறியது உண்மைதான். என் வீட்டு உரிமையாளர் அந்த இரண்டாம் எண்ணை ஒருநாளும் என்னிடம் சொன்னதில்லை. முதல் எண்ணைச் சொல்லாத மாதமும் இல்லை.

2025 பிப்ரவரி 16, பிற்பகல் 3.00

இந்த ஊருக்குப் பட்டம் தந்த ஒரே கழகம் பனீக்தானா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. நானும் இதுவரை பனீக்கையே ஒஸ்ட்ராவாவாக்கி எழுதியது வீட்கொவித்ஸேக்குச் செய்த அநீதி.

வீட்கொவித்ஸே இரும்பாலையின் கழகம் 1985–86 பருவத்தில் செக்கோஸ்லோவாக்கிய லீக்கை வென்றது. பயிற்சியாளர் இவான் கோப்பெத்ஸ்கி. 1987–88 யூஃபா கோப்பையில் காலிறுதிவரை போய், பார்சலோனா நகரத்தின் எஸ்பான்யோலிடம் தோற்றது. கரியின் கழகம் கிழக்குக் கரையில், எஃகின் கழகம் மேற்குக் கரையில். பத்தே ஆண்டுகளில் நான்கு லீக் பட்டங்கள் ஒரே நகரத்துக்குள் வந்தன. ஆனால் வீட்கொவித்ஸேயின் ஆட்டங்களுக்குப் பனீக் அளவுக்குக் கூட்டம் வந்ததில்லை. அங்கே உலைகள் 1998-ல் அணைந்தன. 2010களின் தொடக்கத்தில் கடன் சுமையால் அதன் தொழில்முறை அணியும் முடிந்துபோயிற்று.

இங்கேதான் உங்கள் கேள்விக்கு உண்மையான சோதனை இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது. இரண்டும் ஆலைப் பணத்தில் வளர்ந்தவை, இரண்டும் பட்டம் வென்றவை, இரண்டும் ஒரே ஆண்டில் ஆதரவை இழந்தவை. பணம் மட்டுமே காரணம் என்றால் இரண்டும் ஒரே மாதிரி முடிந்திருக்க வேண்டும். ஒன்று முடிந்தது. மற்றொன்று வீழ்ந்து வீழ்ந்து எழுந்தது. பிப்ரவரி 10 அன்று பயிற்சியாளர்களைக் காரணமாகக் காட்டினேன். பட்டங்களுக்கு அது பொருந்தும், பிழைத்து நின்றதற்குப் பொருந்தாது. கழகம் பிழைத்தது அந்தப் படிகளில் நின்றவர்களால்.

அதே இரும்பாலைப் பகுதியின் மைதானத்தில்தான் 2015 முதல் பனீக் ஆடுகிறது. பஸாலி இனி முதல் பிரிவு ஆட்டங்களுக்குத் தாங்காது என்ற நிலை வந்ததால் நகராட்சியின் வீட்கொவித்ஸே மைதானத்துக்குப் போக வேண்டியதாயிற்று. அது தடகளத்துக்குப் பெயர் பெற்ற இடம். உசேன் போல்ட் பலமுறை ஓடிய ஓடுபாதை அது. அணைந்த உலையின்மேல் எழுப்பிய கோபுரத்துக்கே அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். மைதானம் புதுப்பிக்கப்பட்டது, இருக்கைகள் நல்லவை, கழிப்பறை வரிசை குறுகியது. ஆனால் ரசிகருக்கும் பந்துக்கும் நடுவில் ஓடுபாதை கிடக்கிறது. முதல் ஆட்டத்துக்கு வீட்டு உரிமையாளரையும் அழைத்தேன். வரவில்லை. எஃகுக்காரர்களின் வீட்டில் கரிக்காரன் விருந்தாளியாக உட்கார முடியாது என்றார். மூன்று மாதம் கழித்து வந்தார்; சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தார்.

2025 பிப்ரவரி 23, இரவு 9.00

சரிவைப் பற்றி. நிலக்கரிப் பணம் நின்றதும் கழகம் விழுந்தது என்கிறீர்கள். ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்ப்போம்.

ஒஸ்ட்ராவா நகர எல்லைக்குள் கடைசி நிலக்கரி வண்டி மேலே வந்தது 1994 சூன் 30 அன்று. இருநூற்று முப்பது ஆண்டு வேலை அன்றோடு முடிந்தது. பக்கத்துக் கர்வினாவில் தொடர்ந்தது. பனீக் தன் நான்காம் லீக் பட்டத்தை, நாடு பிரிந்த பின் வந்த தனிச் செக் லீக்கில் இதுவரை பெற்ற ஒரே பட்டத்தை, வென்றது 2004-ல். நகரத்தில் கரி நின்று பத்தாண்டுகளுக்குப் பிறகு. பயிற்சியாளர் ஃப்ரன்திஷெக் கொம்ஞாத்ஸ்கி. மரெக் ஹைன்ஸ் 19 கோல்களோடு லீக்கில் முதல் இடம் பெற்றார். ஸ்பார்ட்டா இரண்டாவதாக வந்தது. அடுத்த ஆண்டு கோப்பையும் கிடைத்தது.

2004 கோடையில் போர்ச்சுகலில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் செக் அணி ஜெர்மனியை 2–1 என்று வென்றது. சமன் செய்த கோல் ஹைன்ஸுடையது. வெற்றிக் கோலை அடித்தவர் மிலன் பரோஷ். பனீக்கின் இளையோர் அணியில் வளர்ந்து லிவர்பூலுக்குப் போனவர். ஐந்து கோல்களோடு அந்தப் போட்டியிலேயே அதிக கோல் அடித்தவரும் அவரே. ஒஸ்ட்ராவாவில் பிறந்து பனீக்கில் ஆடிய மரெக் யன்குலொவ்ஸ்கி 2007-ல் ஏ.சி. மிலானோடு சாம்பியன்ஸ் லீக்கை வென்றார். கரி நின்ற பிறகும் இந்த ஊர் ஆட்டக்காரர்களைத் தந்துகொண்டேயிருந்தது.

ஆனால் அதற்குப் பின் வந்த கடன்களும் உரிமையாளர் மாற்றங்களும் கழகத்தைக் கரைத்தன என்பதில் ஐயமில்லை. 2015–16 பருவத்தில் கடைசி இடம். அரை நூற்றாண்டுக்குப் பிறகு இரண்டாம் பிரிவு. அந்தப் பருவத்தை நான் நேரில் பார்த்தேன். வாரம் தவறாமல் தோற்கும் அணியைப் பார்க்க நவம்பர் மழையில் ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். நகரத்தின் போருபா பகுதியிலிருந்து டிராமில் நானும் போவேன். திரும்பும்போது வண்டியில் யாரும் பேசமாட்டார்கள், ஆனால் அடுத்த ஆட்டம் எந்தக் கிழமை என்று யாராவது ஒருவர் கேட்டுவிடுவார். அடுத்த பருவத்தில் ஸிக்மா ஒலொமௌத்ஸுக்கு அடுத்த இடம் பெற்று முதல் பிரிவுக்கு ஏறியது பனீக். அந்த 2017 கோடையில் பரோஷும் திரும்பி வந்தார். மூன்று ஆண்டுகள் ஆடி, இங்கேயே ஓய்வுபெற்றார். நான் அதே கோடையில் ஊரை விட்டுப் புறப்பட்டேன். அவர் திரும்பி வந்த பிறகு ஓர் ஆட்டம்கூடப் பார்க்காமல் போனது இன்றும் உறுத்துகிறது.

2025 மார்ச் 2, காலை 11.20

ரசிகர்களை உயர்த்தி எழுதியதற்கு எதிர்ப்பு வந்திருக்கிறது. எதிர்ப்பு நியாயமானது. பனீக்கின் தீவிர ரசிகர் கூட்டம் செக் நாட்டில் மிகவும் பெயர்போன முரட்டுக் கூட்டங்களில் ஒன்று. அடிதடி, தீப்பந்தம், ரயில் பெட்டிகளில் சேதம், அதனால் பார்வையாளர் இல்லாமல் நடந்த ஆட்டங்கள் எல்லாம் உண்டு. கலவரப் படை வரிசையாக நிற்பதைப் பார்த்து நானே இருமுறை வாயிலிலிருந்து திரும்பியிருக்கிறேன். குழந்தையோடு வந்த ஒருவர் என்னோடு திரும்பினார். அவர் முகத்தை நினைத்தால் அந்தக் கூட்டத்துக்காக வாதாட எனக்கு மனம் வரவில்லை.

ஒன்று மட்டும் பெயர் விஷயத்தோடு சேர்வதால் எழுதுகிறேன். அவர்கள் தங்களை 'ஹஹார்ஷி' என்று அழைத்துக்கொள்கிறார்கள். 'ஹஹார்' என்பது ஒஸ்ட்ராவாவின் ஏழைத் தெருக்களில் வளர்ந்த போக்கிரிப் பையனைக் குறித்த வசைச்சொல். அதையும் ஊர் எடுத்துத் தன் சட்டையில் குத்திக்கொண்டது. இன்னொன்று: எல்லைக்கு அப்பால் போலந்தின் கத்தொவித்ஸே நகரத்தின் ஜி.கே.எஸ். கழக ரசிகர்களோடு 1990களின் நடுவிலிருந்து இவர்களுக்கு நட்பு. அதுவும் கரி ஊர்தான். ஸ்லெஸ்கா ஒஸ்ட்ராவாவுக்கே 1919 வரை 'போலிஷ் ஒஸ்ட்ராவா' என்றுதான் பெயர் இருந்தது என்பதை இங்கே சொல்லாமல் விட முடியவில்லை.

2025 மார்ச் 3, காலை 7.30

'இரண்டும் ஒரே ஆண்டில் ஆதரவை இழந்தவை' என்று பிப்ரவரி 16 அன்று எழுதியது மிகைப்படுத்தல். சுரங்கங்களும் உலைகளும் வெவ்வேறு ஆண்டுகளில் நின்றன. கழகங்களுக்கான ஆதரவும் படிப்படியாகத்தான் சுருங்கியது. 'ஒரே காலகட்டத்தில்' என்று திருத்திப் படிக்கவும்.

2025 சூன் 1, இரவு 8.45

பருவம் முடிந்துவிட்டது. ஸ்லாவியாவுக்கும் பில்ஸன் நகரத்தின் விக்டோரியாவுக்கும் அடுத்து பனீக் மூன்றாம் இடம். மீண்டும் ஐரோப்பா. பஸாலியில் இப்போது இளையோருக்கான பயிற்சி மையம் இருக்கிறது. பழைய சரிவில் சிறுவர்கள் ஆடும் படத்தைப் பார்த்தேன்.

கேள்வி கேட்டவர் நேற்று எனக்கு எழுதியிருந்தார். பணத்தைப் பற்றிய தம் கருத்தை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. பெயரைப் பற்றிய கருத்தை மாற்றிக்கொண்டதாகச் சொல்கிறார். தாமும் இனிப் 'பனீக்' என்றே நெடிலோடு எழுதப்போவதாக உறுதியளித்திருக்கிறார். அதைப் படித்ததும், பிப்ரவரி 4 அன்று நான் அவரைத் திருத்தியதில் ஒரு குறை இருந்தது நினைவுக்கு வந்தது. பிராக்கில்தான் அது பனீக். ஒஸ்ட்ராவாக்காரர்கள் நெடில்களை எல்லாம் குறிலாக்கிப் பேசுபவர்கள். மற்ற ஊர்க்காரர்கள் அதைக் 'குட்டை அலகு' என்பார்கள், அலகு குட்டையான பறவை நீளமாகக் கூவ முடியாதாம். பஸாலிப் படிகளில் நான்கு ஆண்டுகளுக்கு முன்னும் நாற்பது ஆண்டுகளுக்கு முன்னும் எழுந்த கூவலில் அந்த நெடில் இல்லை. என் வீட்டு உரிமையாளர் வாயிலிருந்து ஒருநாளும் அது வந்ததில்லை. அவர் சொன்னது 'பனிக்'.

2025 சூன் 1, இரவு 9.10

பஸாலியில் நான் கடைசியாக நின்றது 2015-ல். 'நான்கு ஆண்டுகளுக்கு முன்' என்பதைப் 'பத்து ஆண்டுகளுக்கு முன்' என்று படிக்கவும்.